டி1ஆ, டி4ஆ? சென்னையில் உள்நாட்டு விமானம் பிடிக்கப் போகிறவர்களுக்கு

சென்னையிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆனால் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புவதிலிருந்து விமானத்தில் போய் உட்காருவதற்குள் மூன்று மணி நேரமாவது ஓடிவிடும். முதல்முறை பறக்கிறவர்கள் தடுமாறுவது இந்த மூன்று மணி நேரத்தில்தான். டிக்கெட் எடுத்துத் தரும் வேலையில் இருப்பதால் இந்தத் தடுமாற்றங்களை அன்றாடம் கேட்கிறேன். அதில் தவிர்க்க மிகச் சுலபமான ஒன்றுதான் அதிகம் நடக்கிறது: நேரத்தோடு கிளம்பி, நேரத்தோடு வந்து சேர்ந்து, தப்பான டெர்மினல் வாசலில் நிற்பது.

இதில் பயணிகளைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. விமானங்கள் ஒரு டெர்மினலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்படுகின்றன. அப்படி மாற்றும்போது குறுந்தூர விமானங்கள்தான் பெரும்பாலும் முதலில் இடம்பெயர்கின்றன. டிக்கெட் எடுத்த அன்று சரியாக இருந்தது பயண நாளில் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் நீங்கள் பழகிக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: நிறுவனத்தின் பெயரை வைத்தோ, போன தடவை ஏறிய இடத்தை வைத்தோ முடிவு செய்யாமல், இந்தப் பயணத்துக்கான டெர்மினல் எண்ணைக் கடைசி நாளில் பாருங்கள்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்வோம்

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் டெர்மினல்கள் ஒரே வரிசையில் இருக்கின்றன. ஒரு கோடியில் டி1, மறு கோடியில் டி4, நடுவில் டி2. டி1 உள்நாட்டு முனையம். டி2 பன்னாட்டு முனையம். 2023 ஏப்ரல் 8 அன்று திறந்துவைக்கப்பட்ட புதிய ஒருங்கிணைந்த கட்டடம் அது. டி4 உள்நாட்டு முனையம். அதாவது உள்நாட்டு விமானங்கள் இரண்டு கோடியிலும், வெளிநாட்டு விமானங்கள் நடுவிலும். மூன்றாம் எண் எங்கே என்று கேட்பீர்கள். பழைய பன்னாட்டு முனையமாக இருந்த டி3, புதிய கட்டடத்தின் இரண்டாம் கட்டத்துக்காக இடிக்கப்பட்டது. பழைய பயணக் குறிப்புகளில் டி3 என்று பார்த்தால் அதை விட்டுவிடுங்கள்.

குழப்பத்தின் வேர் டி4. டி1, டி4 இரண்டு கட்டடங்களும் 2013இல் திறக்கப்பட்டவை. அப்போது டி4 வெளிநாட்டுப் பயணிகள் புறப்படும் இடம். பத்து வருடம் அப்படியே இருந்தது. டி2 வந்த பிறகு வெளிநாட்டு விமானங்கள் அங்கே போய்விட்டன. காலியான கட்டடத்தை உள்நாட்டுக்கு மாற்றினார்கள். 2023 நவம்பரில் ஏர் இந்தியா குழுமத்தின் உள்நாட்டு விமானங்கள் டி1ஐ விட்டு அங்கே போயின. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் மகனை வழியனுப்பிய அதே வாசலில் இப்போது டெல்லி போகிறவர்கள் நிற்கிறார்கள். பழைய நினைவில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. டாக்சி ஓட்டுநரிடம் 'டொமெஸ்டிக்' என்று மட்டும் சொன்னால் பலர் இன்னமும் டி1இல்தான் கொண்டுபோய் விடுவார்கள்.

ஏன் குறுந்தூர விமானங்களை மாற்றுகிறார்கள்

இது தெரிந்திருந்தால் மாற்றம் வரும்போது எரிச்சல் கொஞ்சம் குறையும். ஒரு டெர்மினலில் செக்-இன் கவுன்ட்டர்கள், பாதுகாப்புச் சோதனை வரிசைகள், கட்டடத்திலிருந்து நேராக விமானக் கதவுக்கு நடந்து போகும் ஏரோபிரிட்ஜ்கள் எல்லாம் அளவாகத்தான் இருக்கும். காலை ஐந்தரையிலிருந்து எட்டரை வரையும் மாலையிலும் எல்லா விமானங்களும் ஒரே நேரத்தில் கிளம்பத் துடிக்கும். கூட்டத்தைப் பிரிக்க வேண்டுமென்றால் எதை நகர்த்துவது? ஏர்பஸ், போயிங் விமானங்களுக்கு ஏரோபிரிட்ஜ் பொருந்தும். தமிழ்நாட்டுக்குள் பறக்கும் ஏடிஆர் போன்ற சிறிய விமானங்களுக்குப் பொதுவாக அது தேவையில்லை. ஏடிஆரில் பயணிகள் ஏறும் கதவு பின்பக்கம். படி தரையிலேயே இறங்கிவிடும். பயணிகளைப் பஸ்ஸில் கொண்டுபோய் ஏற்றலாம். இண்டிகோவின் ஏடிஆரில் 78 இருக்கைகள்தான். அவ்வளவு பேருக்கு இரண்டு கவுன்ட்டரும் ஒரு பஸ் கேட்டும் போதும். எங்கே இடம் காலியாக இருக்கிறதோ அங்கே நகர்த்தச் சுலபமானவை இவை. கட்டட வேலை, ஓடுபாதைப் பராமரிப்பு, பருவகால அட்டவணை மாற்றம் என்று காரணம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்.

விமான நிறுவனங்களின் அட்டவணை வருடத்துக்கு இரண்டு முறை மாறும்: மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை கோடை அட்டவணை, அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை குளிர்கால அட்டவணை. டெர்மினல் மாற்றங்களும் இந்தத் தேதிகளை ஒட்டி வருவதுண்டு. பிப்ரவரியில் டிக்கெட் எடுத்து ஏப்ரலில் பறக்கிறவர், செப்டம்பரில் எடுத்துத் தீபாவளிக்குப் பிறகு பறக்கிறவர் இரண்டு பேருமே கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும்.

குறுந்தூரப் பயணிக்கு இதில் இழப்பு கூடுதல் என்பதுதான் என் வருத்தம். டெல்லி விமானம் போய்விட்டால் அன்றைக்கே இன்னொன்று கிடைக்க வாய்ப்பு உண்டு. சேலம் போன்ற ஊர்களுக்கு அப்படி இல்லை. ஒரு மணி நேரப் பயணத்துக்காகச் செலவழித்த பணம், தப்பான வாசலில் போன இருபது நிமிடத்தில் கரைந்துவிடும்.

டிக்கெட் எடுக்கும்போது

முன்பதிவில் யாருடைய கைபேசி எண் இருக்கிறது என்று பாருங்கள். வேறு எதையும்விட நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். டெர்மினல் மாற்றம், நேர மாற்றம் எல்லாவற்றையும் விமான நிறுவனம் முன்பதிவில் இருக்கும் எண்ணுக்குத்தான் அனுப்பும். பெங்களூரில் இருக்கும் மகன் அம்மா அப்பாவுக்கு டிக்கெட் எடுக்கிறான், அவனுடைய எண். ஏஜென்ட் எடுத்துக் கொடுக்கிறார், அவருடைய எண். அலுவலகம் எடுத்துத் தருகிறது. நிர்வாகப் பிரிவின் மின்னஞ்சல். செய்தி போகும், ஆனால் பயணிக்குப் போகாது. மகன் மீட்டிங்கில் இருப்பான், ஏஜென்ட்டுக்கு அன்றைக்கு நாற்பது செய்தி வந்திருக்கும்.

ஆகவே டிக்கெட் எடுப்பவரிடம், 'பயணம் பண்றவங்க நம்பரையே போடுங்க' என்று சொல்லுங்கள். ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்றால், பி.என்.ஆர். எண்ணையும் பயணியின் கடைசிப் பெயரையும் போட்டு விமான நிறுவனத்தின் இணையதளத்துக்குள் போய்த் தொடர்பு எண்ணை மாற்றப் பாருங்கள். முடியவில்லை என்றால் வாடிக்கையாளர் சேவையை அழைத்துக் கேளுங்கள். வேறு செயலிகள் வழியாக எடுத்த டிக்கெட்டுக்கு இதைக் கட்டாயம் செய்துவிடுங்கள்.

முந்தின நாள் இரவும், கிளம்பும்போதும்

அச்செடுத்த டிக்கெட்டில் இருக்கும் டெர்மினல் எண் டிக்கெட் எடுத்த அன்றைக்கு உண்மை. அவ்வளவுதான் அதன் மதிப்பு. முந்தின நாள் விமான நிறுவனத்தின் தளத்தில் வெப் செக்-இன் (வீட்டிலிருந்தே செய்யும் செக்-இன்) செய்யும்போது வரும் போர்டிங் பாஸில் டெர்மினல் எண் இருக்கும், அதை நம்பலாம். வெப் செக்-இன் செய்யாதவர்கள் விமான நிறுவனத்தின் தளத்தில் 'ஃப்ளைட் ஸ்டேட்டஸ்' பகுதியில் விமான எண்ணைப் போட்டுப் பாருங்கள். கூகுளில் தேடி முதலில் வருவதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அங்கே பழைய தகவல் தங்கியிருக்கக்கூடும்.

காலையில் வண்டி வரச் சொல்வதற்கு முன் இன்னொரு முறை பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

வண்டிச் செயலியில் இறங்குமிடம் போடும்போது 'சென்னை ஏர்போர்ட்' என்று பொதுவாகப் போடாமல் டெர்மினலைத் தேர்ந்தெடுங்கள். ஓட்டுநரிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள்: 'அண்ணா, டி4. முன்னாடி இன்டர்நேஷனல் டிபார்ச்சர் இருந்துச்சே, அந்த பில்டிங்.' இப்படிச் சொன்னால் பழைய ஓட்டுநருக்கும் புரியும், புதியவருக்கும் புரியும். வளாகத்துக்குள் நுழைவதற்கு முன்பே சொல்வது முக்கியம். உள்ளே போனபின் சுற்றி வருவதென்றால் காலை நேர நெரிசலில் நல்ல நேரம் பிடிக்கும்.

வந்து சேரும் வழிகள்

மெட்ரோவில் வருகிறவர்களுக்கு ஒரு நன்மை உண்டு. நீல வழித்தடத்தின் விமான நிலைய ஸ்டேஷன் டெர்மினல்களுக்கு எதிரிலேயே இருக்கிறது. மேம்பாதை வழியாக நடந்தே போகலாம். நடக்கத் தொடங்குவதற்கு முன் பலகையில் எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். கூட்டம் போகும் திசையில் போனால் எந்தக் கோடிக்குப் போய்ச் சேர்வீர்கள் என்று தெரியாது. ஆனால் மெட்ரோ காலை 5 மணிக்குத்தான் தொடங்கும். ஐந்தரை, ஆறு மணி விமானத்துக்கு அது உதவாது. குறுந்தூர விமானங்கள் பல அந்த நேரத்தில்தான் கிளம்புகின்றன என்பதால் சொல்கிறேன்.

புறநகர் ரயில் என்றால் திரிசூலம் ஸ்டேஷன். கடற்கரை, எழும்பூர், மாம்பலம், தாம்பரம், செங்கல்பட்டு எங்கிருந்து வந்தாலும் இதுதான். ஜி.எஸ்.டி. சாலையைச் சாலைமேல் கடக்க முயலாமல் சுரங்கப்பாதையில் வாருங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தின நாட்களில், தெற்கே போகும் வண்டிகள் எல்லாம் இந்தச் சாலையில்தான் நிற்கும். அன்று பல்லாவரமோ குரோம்பேட்டையோ சில கிலோமீட்டர்தானே என்று காரை எடுக்காதீர்கள், ரயிலில் வந்துவிடுங்கள்.

வாசலில்

நுழைவாயிலில் சி.ஐ.எஸ்.எஃப். காவலர் உங்கள் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் பார்ப்பார். டெர்மினல் மாறியிருந்தால் உள்ளே விடமாட்டார். இந்தக் காட்சியை டி1 வாசலில் காலை வேளையில் அடிக்கடி பார்க்கலாம்: டிராலியில் இரண்டு பெட்டி, மேலே கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டி, அதன்மேல் பலகாரப் பை. பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மடித்துவைத்த டிக்கெட் காகிதத்தை நீட்டுகிறார். காவலர் விரலால் ஒரு வரியைத் தொட்டுக்காட்டி, டி4 இருக்கும் பக்கம் கையை நீட்டுகிறார். பெரியவருக்கு எண் புரிகிறது, தூரம் புரியவில்லை. பக்கத்துக் கதவு என்று நினைத்து அடுத்த வாசலில் போய் நிற்கிறார். அங்கேயும் அதே பதில்.

அப்படி மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியது: அடுத்த கதவை முயலாதீர்கள். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக வேண்டும். பெட்டியோடு நடந்தால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். டெர்மினல்களுக்கும் வாகன நிறுத்தக் கட்டடத்துக்கும் இடையே பேட்டரி வண்டி ஓடுகிறது. அது எங்கே நிற்கும் என்று பணியாளரைக் கேளுங்கள். உங்களைக் கொண்டுவந்து விட்ட கார் இன்னும் போகவில்லை என்றால் அதிலேயே ஏறிவிடுங்கள். கூட வந்தவர்களில் ஒருவர் பெட்டி இல்லாமல் முன்னால் ஓடிப் பயனில்லை. செக்-இன் பெட்டி இருக்கும்வரை பெட்டி போய்ச் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

நேரக் கணக்கு இது: இண்டிகோ, ஏர் இந்தியா உள்நாட்டு விமானங்களுக்குப் புறப்படுவதற்கு 60 நிமிடம் முன்பு செக்-இன் கவுன்ட்டர் மூடும். போர்டிங் கேட் 25 நிமிடம் முன்பு மூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பையோடு மட்டும் வந்து வெப் செக்-இன்னும் செய்திருந்தால் அந்த 60 நிமிடக் கெடு உங்களுக்குத் தடையில்லை. டெர்மினல் தவறிப் போன பலரைக் காப்பாற்றியது இதுதான். ஒரு நாள், இரண்டு நாள் பயணம் என்றால் பெட்டியை விட்டுவிட்டு ஒரு கைப்பையோடு போங்கள். ஏடிஆரில் தலைக்குமேல் இடம் சிறியது என்பதால் பை குட்டியாக இருப்பது நல்லது.

உள்ளே போனபின் அறிவிப்பு வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்காராதீர்கள். திரையில் விமான எண்ணைத் தேடிப் பாருங்கள். கேட் எண் கடைசி நேரத்திலும் மாறும். பஸ்ஸில் ஏற்றும் கேட் என்றால் சீக்கிரமே கூப்பிட்டுவிடுவார்கள்.

இணைப்பு விமானம் இருப்பவர்கள் இதை நிதானமாகப் படியுங்கள்

தூத்துக்குடியிலிருந்து சென்னை வந்து, இங்கிருந்து வெளிநாடு போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்நாட்டு விமானம் டி1இலோ டி4இலோ வந்து நிற்கும். வெளிநாட்டு விமானம் டி2. இரண்டும் ஒரே பி.என்.ஆர். என்றால், தூத்துக்குடி கவுன்ட்டரிலேயே 'பேக் கடைசி ஊர் வரைக்கும் டேக் ஆகியிருக்கா?' என்று கேட்டு, டேக்கில் இருக்கும் ஊர்க் குறியீட்டைக் கண்ணால் பாருங்கள். ஆகியிருந்தால் சென்னையில் பெட்டிக்காக நிற்க வேண்டாம்.

தனித்தனி டிக்கெட் என்றால் கதை வேறு. மலிவாகக் கிடைத்தது என்று பலர் அப்படித்தான் எடுக்கிறார்கள். அப்போது பெட்டியை எடுத்துக்கொண்டு, வெளியே வந்து, டி2க்குப் போய், மறுபடி செக்-இன், குடியேற்றச் சோதனை, பாதுகாப்புச் சோதனை எல்லாம் முதலிலிருந்து. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்களைக் காத்திருக்கும் கடமை எதுவும் இல்லை. இப்படி எடுப்பவர்களுக்கு நான் நடுவில் ஐந்து மணி நேரமாவது விடச் சொல்வேன். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் முந்தின நாளே வந்துவிடுவது மேல். திருச்சிக்குப் பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் என்றால், அங்கிருந்தே சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நேரடி விமானம் இருக்கிறது. கட்டணம் கொஞ்சம் கூடினாலும் இந்த அலைச்சல் இல்லை. ஒப்பிட்டுப் பாருங்கள்.

திரும்பி வரும்போது, ஒரே டிக்கெட்டாக இருந்தாலும், பெரும்பாலும் சென்னையில் பெட்டியை எடுத்துச் சுங்கச் சோதனை முடித்துத்தான் உள்நாட்டு விமானத்துக்குக் கொடுக்க வேண்டும். அந்த உள்நாட்டு விமானம் டி1ஆ டி4ஆ என்பதை வெளிநாட்டில் கிளம்பும்போதே பார்த்து வைத்தால், தூக்கக் கலக்கத்தில் இறங்கும்போது திணற வேண்டியதில்லை.

இரண்டும் உள்நாட்டு விமானம், ஒன்று டி1, இன்னொன்று டி4 என்றால்? வெளியே வந்து மறு கோடிக்குப் போய்ப் பாதுகாப்புச் சோதனையை மறுபடி முடிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளியில் எடுக்காதீர்கள்.

போய் இறங்கும் ஊரிலும் இதே கதைதான்

சென்னையில் டெர்மினல் மாறினால் கால் மணி நேரம்தான் போகும். டெல்லியிலும் மும்பையிலும் அப்படியல்ல; டெர்மினல்களுக்கு நடுவே கிலோமீட்டர் கணக்கில் சாலை. டெல்லியில் 2024 ஜூன் 28 அன்று டி1இன் கூரை இடிந்து விழுந்தபோது அங்கிருந்த விமானங்களை டி2, டி3க்கு மாற்றினார்கள். அப்புறம் 2025 ஏப்ரலில் டி2ஐ மூடிப் பராமரிப்பு வேலை செய்தார்கள். அந்த அக்டோபர் 26 அன்று அதைத் திறந்தபோது மறுபடி மாற்றம். அப்போது இண்டிகோ ஒரு நல்ல காரியம் செய்தது: 2000 முதல் 2999 வரையான எண்கள் கொண்ட விமானங்கள் டி2 என்று பிரித்துச் சொன்னது. விமான எண்ணைப் பார்த்தாலே இடம் தெரியும். எல்லா ஊரிலும் இப்படி வைத்தால் எவ்வளவு பேருக்கு உதவும்!

டெல்லியில் டி2வும் டி3யும் அருகருகே, டி1 தனியே தள்ளி. மும்பையில் டி1 சாந்தாக்ரூஸ் பக்கம், டி2 சஹார் பக்கம். ஒரே நிறுவனம் இரண்டிலிருந்தும் பறக்கிறது. பெங்களூரில் டி1க்கும் டி2க்கும் இடையே பஸ் உண்டு. திரும்பி வரும் டிக்கெட்டின் டெர்மினலையும் அந்தந்த ஊரில் முந்தின நாள் பாருங்கள். போகும்போது இறங்கிய இடம்தான் வரும்போது ஏறும் இடம் என்று இல்லை.

பெரியவர்களும், அழைக்க வருபவர்களும்

சக்கர நாற்காலி கேட்டிருப்பவர்களை ஒருபோதும் தப்பான டெர்மினலில் இறக்கிவிடாதீர்கள். அந்த நாற்காலியையும் ஆளையும் தருவது விமான நிறுவனம். அவர்களுடைய ஆட்கள் மறு கோடியில் காத்திருப்பார்கள். இந்தப் பக்கம் யாரும் வரமாட்டார்கள். பெரியவர்களைத் தனியாக அனுப்பினால் வாசலில் விட்டுவிட்டுக் கிளம்பாமல், அவர்கள் உள்ளே போய்ப் போன் செய்யும்வரை நில்லுங்கள். ஒரு காகிதத்தில் விமான எண், டெர்மினல் எண், உங்கள் கைபேசி எண் மூன்றையும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி அவர்கள் பையில் வையுங்கள். போனில் சார்ஜ் போனாலும் அது கையில் இருக்கும்.

அழைக்க வருகிறவர்களும் வரும் விமானத்தின் டெர்மினலைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். டி1 வெளிவாசலில் மாலையோடு நின்றுகொண்டு, டி4இல் இறங்கியவரைப் போனில் தேடுவது இங்கே சகஜம். செயலி டாக்சிகளில் போகிறவர்கள் பலமாடி வாகன நிறுத்தக் கட்டடத்துக்கு நடந்து போய் ஏற வேண்டியிருக்கும். அதற்கும் பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விமானம் போய்விட்டால்

டெர்மினல் மாறிப் போனதால் விமானத்தைத் தவறவிட்டால், பயணி வரவில்லை என்றுதான் கணக்கில் எழுதுவார்கள். தாமதத்துக்கும் ரத்துக்கும் உள்ள இழப்பீட்டு விதிகள் இதற்குப் பொருந்தாது. ஆனாலும் முதலில் கவுன்ட்டருக்குப் போய் அடுத்த விமானத்தில் இடம் கேளுங்கள். மாற்றச் செய்தி உங்களுக்கு வரவே இல்லை என்றால், முன்பதிவில் உங்கள் எண்தான் இருக்கிறது என்பதைக் காட்டிப் பேசுங்கள். தீரவில்லை என்றால் ஒன்றிய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியலாம். திரும்பக் கிடைக்காத டிக்கெட்டாக இருந்தாலும், பயன்படுத்தாத டிக்கெட்டில் இருக்கும் விமான நிலையப் பயனாளர் கட்டணம் போன்றவற்றைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. கேட்டால் கிடைக்கும், கேட்காதவர்கள்தான் அதிகம்.

திருச்சி, மதுரை, சேலம் என்று போக வேண்டியவர்கள் அங்கேயே அடுத்த விமானத்துக்கு மணிக்கணக்கில் உட்கார வேண்டியதில்லை. திரிசூலத்தில் மின்சார ரயில் பிடித்தால் தாம்பரம் கிட்டத்தில்தான். திருச்சி, மதுரை பக்கம் போகும் பல எக்ஸ்பிரஸ்கள் அங்கே நிற்கும். சேலத்துக்கு என்றால் கிளாம்பாக்கம் போய்ப் பஸ்ஸைப் பாருங்கள். வளாகத்தை விட்டு வெளியேறும் முன், திரும்பி வரும் டிக்கெட் அதே பி.என்.ஆரில் இருந்தால், அது ரத்தாகாமல் இருக்கிறதா என்று கவுன்ட்டரில் கேட்டு உறுதிசெய்துகொண்டு போங்கள்.